கேள்வி உங்களுடையது: பாஸ்டன் சபைக் கூடத்தின் சாவி

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, 1659-இல் மாசசூசெட்ஸ் காலனியில் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழை நிரப்பிவிடும் போலிருக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்கில் ஆங்கிலேயர் குடியேறிய நியூ இங்கிலாந்து காலனிகளின் வரலாறு நான் கல்லூரியில் விரும்பி நடத்திய பாடம். அதனால் மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு, இவற்றுக்கே முழு இடத்தையும் தருகிறேன்.

கேள்வி: ஆங்கிலிக்கன், பியூரிட்டன் இரண்டு பேருமே புராட்டஸ்டண்ட். ஒரே பைபிள், ஒரே ராஜா. அப்புறம் என்னதான் சண்டை? — ஒரு பள்ளி ஆசிரியை

பைபிள் ஒன்றுதான் அம்மா. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்பதில்தான் சண்டை.

எட்டாம் ஹென்றி 1534-இல் இங்கிலாந்து திருச்சபையை ரோமிலிருந்து பிரித்துத் தானே அதன் தலைவரானார். போப் போனார். பிஷப்புகள் இருந்தார்கள், வெள்ளை அங்கி இருந்தது, திருநாள்களின் வரிசை இருந்தது. பின்னால் வந்த பொது ஜெப நூல், எந்த நாளில் எந்த ஜெபம், எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்காலிடுவது என்று எல்லாவற்றையும் எழுதிவைத்தது. இந்தத் திருச்சபையை அப்படியே ஏற்ற ஆங்கிலிக்கர்களுக்கு அது ஒழுங்கு, அழகு, நாடு முழுவதும் ஒரே குரலில் ஜெபிக்கும் நிறைவு. அதை இன்னும் தூய்மைப்படுத்த வேண்டும் என்ற பியூரிட்டன்களுக்கோ அது பாதியில் நின்றுபோன சீர்திருத்தம். வேதத்தில் சொல்லாத எதுவும் வழிபாட்டில் நுழையக் கூடாது என்றார்கள். ஞானஸ்நானத்தில் நெற்றியில் போடும் சிலுவைக் குறி, திருமணத்தில் மோதிரம், திருவிருந்தை முழங்காலிட்டு வாங்குவது எல்லாமே அவர்களுக்கு உறுத்தின. போதகர் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கக் கூடாது, உள்ளத்திலிருந்து ஜெபிக்க வேண்டும், வேதத்தை விளக்கிப் பிரசங்கம் செய்ய வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம்.

இதோடு நின்றிருந்தால் வெறும் சமய வாதமாகப் போயிருக்கும். ஆனால் பிஷப்பை நியமிப்பவர் ராஜா. போதகரைச் சபையே தேர்ந்தெடுக்கும் என்று ஒருவர் சொன்னால், ராஜாவின் அதிகாரத்தில் ஒரு துண்டைச் சபை எடுத்துக்கொள்கிறது என்றுதான் பொருள். 1633-இல் கேன்டர்பரி பேராயரான வில்லியம் லாட் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். அவர் நெருக்க நெருக்க, 1630-களில் சுமார் 20,000 பேர் கப்பலேறி நியூ இங்கிலாந்துக்கு வந்துவிட்டார்கள்.

இவர்களின் மனநிலையை அறிய இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன். 1634-இல் சேலம் ஊரில் ஜான் எண்டிகாட் என்ற தலைவர், இங்கிலாந்துக் கொடியில் இருந்த சிவப்புச் சிலுவையை, அது போப்பின் சின்னம் என்று சொல்லி வெட்டி எடுக்கவைத்தார். இன்னொன்று, கவர்னர் ஜான் வின்த்ராப் தம் நாட்குறிப்பில் 1640-இல் எழுதியது. அவர் மகனிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றில் கிரேக்கப் புதிய ஏற்பாடு, சங்கீதங்கள், பொது ஜெப நூல் மூன்றும் ஒன்றாகத் தைக்கப்பட்டிருந்தன. எலிகள் வந்து ஜெப நூலின் ஒவ்வொரு தாளையும் தின்றன. மற்ற இரண்டிலும் ஒரு தாளைக்கூடத் தொடவில்லை. கவனிக்கத் தக்கது என்று வின்த்ராப் இதைக் குறித்துவைத்தார். சட்டம் படித்த, ஒரு காலனியையே ஆண்ட மனிதர் இப்படி எழுதுகிறார் என்றால், அந்த ஜெப நூல்மேல் இருந்த கசப்பு எவ்வளவு ஆழமானது என்று பாருங்கள்.

கேள்வி: சமய சுதந்திரம் தேடி வந்தவர்கள் என்றுதானே பள்ளியில் படித்தோம்? அவர்களே கிறிஸ்துமஸுக்கு அபராதம் போட்டார்களா? — கோபத்தோடு ஒரு வாசகர்

கோபம் நியாயமானது. ஆனால் அவர்கள் எல்லாருக்குமான சுதந்திரத்தைத் தேடி வரவில்லை. தாங்கள் சரியென்று நம்பிய வழிபாட்டை யாரும் குறுக்கிடாமல் நடத்த ஓர் இடம் தேடி வந்தார்கள். அந்த இடம் கிடைத்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இதை நான் பழியாகச் சொல்லவில்லை. அவர்கள் எழுதியதைப் படித்தால் அதை அவர்கள் மறைக்கவும் இல்லை என்பது தெரியும்.

கதவு சாத்தப்பட்டது மிக ஆரம்பத்திலேயே. 1629-இல் சேலத்தில் ஜான் பிரவுன், சாமுவேல் பிரவுன் என்று சகோதரர்கள் இருவர். ஒருவர் வழக்கறிஞர், மற்றவர் வணிகர். இருவரும் காலனிக் கவுன்சில் உறுப்பினர்கள். ஜெப நூலை வைத்துத் தனியாக வழிபாடு நடத்தினார்கள். எண்டிகாட் இருவரையும் கப்பலேற்றி இங்கிலாந்துக்கே திருப்பி அனுப்பினார். அடுத்த ஆண்டு வின்த்ராப்பின் ஆட்கள் புறப்படும்போது இங்கிலாந்து திருச்சபையை ‘எங்கள் அன்பான தாய்’ என்று அழைத்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அந்தத் தாயின் ஜெபத்தைச் சொன்னவர்களுக்கு இங்கே இடமில்லாமல் போனது. 1631-இல் சபை உறுப்பினர்களுக்கு மட்டுமே வாக்குரிமை என்று சட்டம் வந்தது. சபையில் சேர, தம் உள்ளத்தில் நடந்த மனமாற்றத்தைச் சபையின் முன் சொல்லி ஒப்புதல் பெறும் வழக்கமும் சில ஆண்டுகளில் வேரூன்றியது. 1646-இல் ராபர்ட் சைல்ட் என்ற மருத்துவரும் வேறு சிலரும், சபைக்கு வெளியே நிற்கும் ஆங்கிலேயர்களுக்கும் உரிமை வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். கிடைத்தது அபராதம்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். டிசம்பர் 25 என்று வேதத்தில் எங்கும் இல்லை என்பது முதல் காரணம். அன்றைக்குக் குடியும் சூதாட்டமும் இங்கிலாந்தில் கரைபுரண்டு ஓடியது இரண்டாவது காரணம். வேலைக்குப் போகாமல் இருந்தாலோ விருந்து வைத்தாலோ 5 ஷில்லிங். லண்டனின் நெருக்கடியால் 1681-இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள், வழக்கம் மாறவில்லை. பாஸ்டன் வணிகரும் நீதிபதியுமான சாமுவேல் சூவலின் நாட்குறிப்பில் 1685 டிசம்பர் 25-ஆம் தேதிக் குறிப்பு இருக்கிறது: வண்டிகள் வழக்கம்போல ஊருக்குள் வருகின்றன, கடைகள் திறந்திருக்கின்றன, இந்த நாளை அனுசரிக்கும்படி கட்டாயப்படுத்த இன்னும் ஓர் அதிகாரம் வரவில்லை, கடவுளுக்கு நன்றி. ‘இன்னும்’ என்று எழுதியபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது, அந்த அதிகாரம் வந்துகொண்டிருக்கிறது என்று.

கேள்வி: ஒரு ஈஸ்டர் தினத்தன்று பாஸ்டனில் பெரிய தகராறு என்று எங்கோ படித்தேன். விவரம் சொல்ல முடியுமா? — வரலாறு முதுகலை மாணவி

நல்ல கேள்வி. இந்தக் கதையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

எட்வர்ட் ராண்டால்ஃப் என்ற அரசு அதிகாரி 1676-இல் பாஸ்டனுக்கு வந்து, காலனி ராஜாவின் சட்டங்களை மதிப்பதில்லை, ஆங்கிலிக்கர்களுக்கு அங்கே வாக்குரிமைகூட இல்லை என்று லண்டனுக்கு விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். காலனி தன்னைத் தானே ஆள ராஜா தந்திருந்த மாசசூசெட்ஸ் சாசனம் 1684-இல் ரத்தானது. 1686 மே மாதம் ராபர்ட் ராட்கிளிஃப் என்ற ஆங்கிலிக்கன் போதகர் வந்து இறங்கினார். அவருக்குக் கோயில் கிடையாது. பியூரிட்டன்கள் வழிபடும் மூன்று சபைக் கூடங்களில் ஒன்றைக் கேட்டார்கள்; கிடைக்கவில்லை. நகர மன்றக் கட்டடத்தில் ஓர் அறை ஒதுக்கப்பட்டது. பிரசங்க மேடையைத் தேவைப்படும்போது மாடிக்கு ஏற்றி, பிறகு கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள் என்று சூவல் எழுதுகிறார்.

1686 டிசம்பர் 20 அன்று சர் எட்மண்ட் ஆண்ட்ரோஸ் கவர்னராக வந்து சேர்ந்தார். ராணுவத்தில் பழகியவர், ஆங்கிலிக்கன். கப்பலிலிருந்து இறங்கிய அன்றே போதகர்களைக் கூப்பிட்டு, நேரத்தைப் பிரித்துக்கொண்டால் ஒரே கூடத்தில் இரண்டு சபைகளும் கூடலாமே என்று கேட்டார். மறுநாள் போதகர்களும் சபைப் பெரியவர்களும் கூடிப் பேசி, மனசாட்சிப்படி சம்மதிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரே உறையில் இரண்டு கத்தி எப்படி? ஆண்ட்ரோஸும் அப்போதைக்கு விட்டுவிட்டார். அந்த டிசம்பர் 25 அன்று அவர் நகர மன்றத்தில் வழிபாட்டுக்குப் போனபோது ஒரு பக்கம் செஞ்சட்டைச் சிப்பாய் நடந்து வந்தான். கடைகள் திறந்தே இருந்தன.

1687 மார்ச் மாதம் பொறுமை போய்விட்டது. மூன்று கூடங்களையும் கவர்னர் நேரில் போய்ப் பார்த்தார். மறுநாள் ராண்டால்ஃபை அனுப்பித் தெற்குச் சபைக் கூடத்தின் சாவியைக் கேட்டார். சூவலும் வேறு சில சபைப் பெரியவர்களும் கவர்னரிடம் போனார்கள். அவர்கள் கையில் நிலப் பத்திரம் இருந்தது. அந்த இடம், முன்னாள் போதகர் ஜான் நார்ட்டனின் மனைவி சபைக்கென்று கொடுத்தது. நிலமும் எங்களுடையது, கட்டடமும் எங்களுடையது, ஜெப நூல் வழிபாட்டுக்குத் தர எங்களால் சம்மதிக்க முடியாது என்று பத்திரத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

மார்ச் 25, பெரிய வெள்ளி. தெற்குக் கூடத்தின் மணியடிப்பவர் நீடம், கதவைத் திறக்கக் கூடாது என்றுதான் முதலில் உறுதியாக இருந்தார். ஒரு தச்சரும் ஒரு செருப்புத் தைப்பவரும் அந்த விஷயத்தில் மிகவும் மும்முரமாக இருந்தார்கள். கடைசியில் கவர்னரின் உத்தரவுக்கு நீடம் பணிந்தார். மணி அடித்தது, கதவு திறந்தது, பியூரிட்டன் கூடத்தில் ஜெப நூல் வாசிக்கப்பட்டது. இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்களின் அனுதாபம் நீடம் பக்கமே போகும். மேலே கவர்னர், உள்ளே சபை, தெருவில் கூட்டம். கயிறு இருப்பது அவர் கையில்.

இரண்டு நாள் கழித்து ஈஸ்டர். கவர்னரின் ஆட்கள் 11 மணிக்கு உள்ளே போனார்கள். தெற்குச் சபையாரை ஒன்றரை மணிக்கு வரச் சொல்லியிருந்தது. அன்று திருவிருந்து, அதோடு கிளார்க் என்ற போதகரின் நீண்ட பிரசங்கம். இரண்டு மணி தாண்டித்தான் முடிந்தது. தங்கள் சொந்தக் கூடத்துக்குள் போக முடியாமல் மக்கள் தெருவில் அங்குமிங்கும் நடந்துகொண்டு, பார்த்துக்கொண்டு நின்றார்கள். வருந்தத்தக்க காட்சி என்று எழுதுகிறார் சூவல். கத்திக் கூச்சலிடவில்லை, கல்லெறியவில்லை. அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்த அரை மணி நேர அவமானம் பாஸ்டன்காரர்களின் மனதில் ஆண்டுக்கணக்கில் ஆறாமல் கிடந்தது.

இதன் மறுபக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள். 1688 ஜனவரியில் கவர்னரின் மனைவி இறந்துபோனார், ஊருக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. பிப்ரவரி மாத இரவில், பனி உருகிச் சேறாகிக் கிடந்த தெருவில், பந்தங்களின் வெளிச்சத்தில், ஆறு குதிரைகள் இழுத்த வண்டியில் உடலைக் கொண்டுவந்தார்கள். இறுதி வழிபாடு நடந்ததும் அதே தெற்குக் கூடத்தில்தான். மனைவியை அடக்கம் செய்யத் தம் சபைக்கென்று ஒரு கட்டடம் இல்லாத மனிதராகவும் ஆண்ட்ரோஸ் இருந்தார்.

கோயில் கட்ட நிலம் விற்கச் சொல்லி சூவலிடமே கேட்டார்கள். ‘எதிலிருந்து தப்பிக்க நியூ இங்கிலாந்து மக்கள் கடல் தாண்டி வந்தார்களோ, அதை நான் இங்கே நிறுத்த மாட்டேன்’ என்று மறுத்துவிட்டார். யாரும் விற்காததால் ஊர்ப் பொதுக் கல்லறையின் ஒரு மூலையை எடுத்துக் கட்டினார்கள். வின்த்ராப்பையே புதைத்திருக்கும் கல்லறை அது. அந்த மரக் கோயில்தான் பின்னாளில் கிங்ஸ் சேப்பல் என்று பெயர் பெற்றது.

கேள்வி: சமயம் வெறும் சாக்கு, உண்மையான சண்டை நிலத்துக்கும் வரிக்கும்தான் என்கிறார் என் நண்பர். சரியா? — ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்

நண்பர் பாதி சரி. சாக்கு என்ற சொல்லை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

ஆண்ட்ரோஸ் வந்தபின் மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றமே கிடையாது. கவர்னரும் நியமனக் கவுன்சிலும் வரி போட்டார்கள். 1687-இல் இப்ஸ்விச் ஊரில் ஜான் வைஸ் என்ற போதகர், எங்கள் பிரதிநிதிகள் இல்லாமல் போட்ட வரியை வசூலிக்க மாட்டோம் என்று ஊரைத் திரட்டினார். சிறை, 50 பவுண்டு அபராதம், பிரசங்கம் செய்யத் தடை. ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒருமுறைதான் என்று உத்தரவு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய சாசனத்தின் கீழ் ஊர்கள் பிரித்துக் கொடுத்த நிலங்களுக்குப் பத்திரம் செல்லாது, ராஜாவிடம் புதுப் பட்டா வாங்க வேண்டும், ஆண்டுதோறும் வாடகைப் பணம் கட்ட வேண்டும் என்றார் ஆண்ட்ரோஸ். அதே சூவல், 1688-இல் தம் ஹாக் தீவு நிலத்துக்குப் புதுப் பட்டா கேட்டு மனு போட வேண்டியதாயிற்று.

வருவாய்த்துறையில் வேலை பார்த்த உங்களுக்கு இது சட்டென்று புரியும். தெற்குக் கூடத்துக்கும் பத்திரம் இருந்தது, ஹாக் தீவுக்கும் பத்திரம் இருந்தது. சாவி கேட்டபோது ஒரு பத்திரம் செல்லவில்லை; பட்டா கேட்டபோது மற்றது செல்லவில்லை. இதில் சமயம் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்று அந்த மக்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நாமும் பிரிக்க வேண்டியதில்லை. நீதிமன்றத்தில் பைபிளின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னதுகூட அப்படித்தான். அது உருவ வழிபாடு என்று நம்பியவர் சாட்சி சொல்ல மறுத்தால் வழக்கே கையைவிட்டுப் போகும்.

ஆண்ட்ரோஸை அனுப்பிய ராஜா இரண்டாம் ஜேம்ஸ் இங்கிலாந்தில் வீழ்ந்த செய்தி எட்டியதும், 1689 ஏப்ரல் 18 அன்று பாஸ்டன் ஆயுதம் ஏந்தியது. ஆண்ட்ரோஸும் ராண்டால்ஃபும் சிறைக்குப் போனார்கள். 1691 சாசனம் வாக்குரிமையைச் சபை உறுப்பினர் என்பதிலிருந்து சொத்துக்கு மாற்றியது; கத்தோலிக்கர் நீங்கலாக எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் மனசாட்சிச் சுதந்திரம் தந்தது. கவர்னரை நியமிப்பது ராஜாவின் கையிலேயே இருந்தது.

கேள்வி: ஜெப நூலை வைத்து ஜெபிக்கும் குடும்பம் எங்களுடையது. நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் ஆங்கிலிக்கர்கள் எல்லாரும் கவர்னரின் ஏவலாட்கள்போலத் தெரிகிறதே? — மனம் வருந்தி ஒரு வாசகி

இல்லை அம்மா. உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, நீங்கள் எழுதியது நல்லதாயிற்று.

பாஸ்டனில் ஜெப நூலை நேசித்தவர்களில் கடைக்காரர்கள் இருந்தார்கள், மாலுமிகள் இருந்தார்கள். தாய்நாட்டில் கேட்ட ஜெபத்தை, கட்டிய மனைவிக்கும் பிறந்த குழந்தைக்கும் சொல்ல விரும்பியவர்கள். பாஸ்டன்காரர்கள் கிங்ஸ் சேப்பலின் ஜன்னல்களை உடைத்தபோது, உடைபட்டது இவர்கள் ஜெபித்த கோயில்தான். அவர்கள் கட்டிய வரியில்தான் பியூரிட்டன் சபைப் போதகருக்குச் சம்பளம் போனது. 1727-இல்தான், ஆங்கிலிக்கன் கோயிலுக்கு ஐந்து மைல் சுற்றளவில் வசித்து அங்கே வழிபடுபவரின் வரிப் பணம் அவர் போதகருக்கே போகும் என்று சட்டம் வந்தது. ஆறாவது மைலில் இருந்தவர் பழையபடி கட்டினார்.

ஜெப நூலை விரும்பியே தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு. கனெக்டிகட்டில் பியூரிட்டன் போதகர்களை உருவாக்க அமைத்த யேல் கல்லூரி. இங்கிலாந்திலிருந்து நன்கொடையாக வந்த புத்தகங்களை அங்கே உட்கார்ந்து படித்த சிலருக்கு, பிஷப் தலைமேல் கைவைத்துக் கொடுக்காத போதகர் பட்டம் செல்லுமா என்ற சந்தேகம் முளைத்தது. 1722 செப்டம்பரில், பட்டமளிப்பு விழாவின் மறுநாள், கல்லூரித் தலைவர் டிமோத்தி கட்லர் உள்பட ஏழு பேர் அதை எழுத்தில் கொடுத்தார்கள். ஊரே அதிர்ந்துபோனது. கட்லருக்கு வேலை போனது. அவரும் சாமுவேல் ஜான்சனும் டேனியல் பிரவுனும் லண்டனுக்குக் கப்பலேறினார்கள், ஏனென்றால் அமெரிக்காவில் பட்டம் கொடுக்க ஒரு பிஷப்கூடக் கிடையாது. பிரவுன் லண்டனிலேயே பெரியம்மையில் இறந்தார். வேலை, மரியாதை, உயிர் எல்லாவற்றையும் பணயம் வைத்தவர்களை ஏவலாட்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

கேள்வி: இரண்டு தரப்பிலும் உங்களுக்குப் பிடித்தவர் யார்? — கல்லூரி மாணவர்

வில்லியம் பிளாக்ஸ்டன். ஆங்கிலிக்கன் போதகர். பியூரிட்டன்கள் வருமுன்பே, இப்போது பாஸ்டன் இருக்கும் ஷாமட் தீபகற்பத்தில் புத்தகங்களோடும் தோட்டத்தோடும் தனியாகக் குடியிருந்தார். 1630-இல் எதிர்க்கரையில் நல்ல தண்ணீர் இல்லாமல் தவித்த வின்த்ராப்பின் மக்களை, இங்கே ஊற்று இருக்கிறது, வாருங்கள் என்று அழைத்தவர் அவர்தான். வந்தவர்கள் ஊர் அமைத்தார்கள். 1634-இல் தம் நிலத்தில் பெரும்பகுதியை 30 பவுண்டுக்கு ஊருக்கு விற்றார். பாஸ்டன் காமன் என்ற பொதுவெளி அந்த நிலம்தான். அப்புறம் ரோட் ஐலண்ட் பக்கம் போய்விட்டார். பிஷப் பிரபுக்களிடமிருந்து தப்பிக்க இங்கிலாந்தை விட்டு வந்தேன், இங்கே சகோதரப் பிரபுக்களிடம் மாட்டிக்கொண்டேன் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. பகை பாராட்டியதாகத் தெரியவில்லை. 1659-இல் பாஸ்டனுக்கு வந்து ஒரு விதவையை மணந்தார். திருமணத்தை நடத்திவைத்தவர், அப்போது கவர்னராக இருந்த அதே எண்டிகாட்.

கேள்வி: எல்லாக் காலனியிலும் ஆங்கிலிக்கர்கள்தான் அடிபட்டார்களா? — பெயர் எழுதாத வாசகர்

இல்லை. வர்ஜீனியாவில் நேர் எதிர். அங்கே இங்கிலாந்து திருச்சபைதான் சட்டபூர்வச் சபை. 1642-இல் அங்கிருந்த பியூரிட்டன்கள் கேட்டதால் நியூ இங்கிலாந்திலிருந்து மூன்று போதகர்கள் போனார்கள். மறு ஆண்டே, ஜெப நூலை ஏற்காத போதகர்கள் வெளியேற வேண்டும் என்று கவர்னர் வில்லியம் பெர்க்லியின் ஆட்சியில் சட்டம் வந்தது. 1649 வாக்கில் நூற்றுக்கணக்கான பியூரிட்டன்கள் மேரிலாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். கத்தோலிக்கரான பால்டிமோர் பிரபு அவர்களுக்கு இடம் கொடுத்தார். ஆறே ஆண்டில், 1655 மார்ச்சில், செவர்ன் ஆற்றங்கரையில் அந்தப் பிரபுவின் படையையே அவர்கள் தோற்கடித்தார்கள். சரணடைந்தவர்களில் நால்வரைக் கொன்றார்கள். இந்தப் பக்கத்தை என்னால் எந்தச் சமாதானமும் சொல்லிக் கடக்க முடியவில்லை.

கேள்வி: அமெரிக்கப் புரட்சிக்கும் பிஷப்புக்கும் என்ன தொடர்பு? வரிதானே காரணம்? — போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்

வரிதான் முதல் காரணம், அதை மாற்றி எழுதிவிடாதீர்கள். ஆனால் வரிச் சண்டை தொடங்கும்போதே பாஸ்டனில் பிஷப் பயம் உச்சத்தில் இருந்தது.

ஆங்கிலிக்கர்களின் கேள்வி எளிமையானது: பட்டம் வாங்க ஒவ்வொருவரும் அட்லாண்டிக் கடலைத் தாண்ட வேண்டுமா? ஒரு பிஷப்பை இங்கே அனுப்பினால் என்ன? நியாயமான கேள்விதான். ஆனால் பாஸ்டன்காரர்களுக்கு பிஷப் என்றால் லாட். பிஷப் வந்தால் அவருக்கு நீதிமன்றம் வரும், காணிக்கை வரி வரும் என்று நினைத்தார்கள். 1761-இல் ஹார்வர்ட் கல்லூரிக்குப் பக்கத்திலேயே கேம்பிரிட்ஜில் ஓர் ஆங்கிலிக்கன் கோயில் திறந்தது. அதன் போதகர் ஈஸ்ட் ஆப்தார்ப் கட்டிய வீடு பெரிய மாளிகை. ‘பிஷப்பின் அரண்மனை’ என்று ஊர் அதற்குப் பெயர் வைத்தது. 1763-இல் ஜோனதன் மேஹியூ என்ற பாஸ்டன் போதகர் நேரடியாக எழுத்துப் போரில் இறங்கினார். கேன்டர்பரி பேராயர் தாமஸ் செக்கரே பதில் எழுதினார். பிஷப்புக்குத் தண்டிக்கும் அதிகாரம் எதுவும் இருக்காது என்று செக்கர் சொன்னதை இங்கே யாரும் நம்பவில்லை. இரண்டே ஆண்டில், 1765-இல், முத்திரைத்தாள் வரி வந்தது. எங்களைக் கேட்காமல் வரி போடும் நாடாளுமன்றம், எங்களைக் கேட்காமல் பிஷப்பையும் அனுப்பாதா என்று மக்கள் கேட்டார்கள். ஜான் ஆடம்ஸ் 1815-இல் எழுதிய கடிதத்தில், நாடாளுமன்றத்தின் அதிகாரத்தைப் பற்றி மக்களை யோசிக்கவைத்ததில் பிஷப் பயத்துக்கு வேறெந்தக் காரணத்துக்கும் குறையாத பங்கு உண்டு என்கிறார்.

வர்ஜீனியாவைப் பாருங்கள். அங்கே ஆங்கிலிக்கர்களே பிஷப்பை விரும்பவில்லை. கோயில் நிர்வாகம் ஊர்ப் பெரிய மனிதர்களின் கையில் இருந்தது. போதகரைக்கூட அவர்கள்தான் வைத்தார்கள். 1771-இல், பிஷப் வேண்டாம் என்று எதிர்த்த போதகர்களுக்கு அந்தக் காலனிச் சட்டமன்றமே நன்றி தெரிவித்தது. ஜெபம் எதுவாக இருந்தாலும், சாவியை வெளியூர்க்காரரிடம் கொடுக்க இரண்டு ஊருக்குமே மனம் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு கனெக்டிகட்டைச் சேர்ந்த சாமுவேல் சீபரி பிஷப் பட்டம் வாங்க லண்டன் போனார். ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்காமல் முடியாது என்றார்கள். ஸ்காட்லாந்துக்குப் போய், 1784 நவம்பரில் அபர்டீன் நகரில் பட்டம் பெற்று வந்தார். அமெரிக்காவின் முதல் ஆங்கிலிக்கன் பிஷப் அவர். அவர் வந்திறங்கியபோது எந்தக் கலவரமும் நடக்கவில்லை, ஏனென்றால் அவருக்குப் பின்னால் எந்த அரசும் இல்லை.

கேள்வி: 1775-இல் பிரிட்டிஷ் படை வருவதை விளக்கு ஏற்றி அறிவித்த தேவாலயம் ஆங்கிலிக்கர்களுடையதா? — வினாடி வினா நடத்துபவர்

ஆமாம். ஓல்ட் நார்த் என்று சொல்லப்படும் கிறைஸ்ட் சர்ச். யேலில் வேலையிழந்த அதே கட்லர்தான் அதன் முதல் போதகர். 1775 ஏப்ரல் 18 இரவு விளக்கைக் கோபுரத்துக்குக் கொண்டுபோனவர்களில் அந்தக் கோயிலின் பணியாளர் ராபர்ட் நியூமனும் ஒருவர். அங்கே போதகராக இருந்த மேதர் பைல்ஸ் ராஜா பக்கம் நின்றவர். அன்றைக்குத்தான் பதவியை விட்டு விலகியிருந்தார். இவர் யார் தெரியுமா? ஜெப நூல் வழிபாடே தகாதது என்று எழுதி, ஆண்ட்ரோஸ்மேல் புகார் சொல்ல 1688-இல் மாறுவேடத்தில் கப்பலேறி லண்டன் போன பியூரிட்டன் தலைவர் இன்க்ரீஸ் மேதரின் கொள்ளுப்பேரன்.

கேள்வி: போதகருக்காக எல்லாரும் வரி கட்டும் முறை எப்போதுதான் ஒழிந்தது? — ஒரு கணக்கர்

வர்ஜீனியாவில் 1786-இல் வந்த சமய சுதந்திரச் சட்டம், எந்தச் சபைக்கும் யாரையும் கட்டாயமாகப் பணம் கொடுக்கவைக்கக் கூடாது என்றது. கனெக்டிகட்டில் 1818. மாசசூசெட்ஸ்தான் கடைசி, 1833.